கிழக்குக் கடலில் வீழ்ந்த விமானிகள்

பதுளைத் தோட்டங்களில் எம் முன்னோர் காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிய, சித்திரைப் பிறப்புக்குச் சில தினங்களே எஞ்சியிருந்த 1942 ஏப்ரல் 9ஆம் தேதியன்று, கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலையே ஓடுபாதையாகக் கொண்ட பிரிட்டிஷ் விமானப்படையின் 11ஆவது அணியைச் சேர்ந்த ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள், துணைக்கு ஒரு போர்விமானமும் இன்றி, ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிக் கிழக்குச் சமுத்திரத்துக்குப் பறந்தன.

அப்படையின் விமானந்தாங்கிக் கப்பலான ‘அகாகி’யின் அருகே குண்டுகள் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. விமானத்துக்கு மூவர், பெரும்பாலும் மீசை அரும்பிய வாலிபர்கள். அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹெர்மிஸ்’ பற்றிப் பிரஸ்தாபிப்போர் பலர்; அதனினும் துணிகரமான இக்காரியத்தை நினைப்போர் சிலரே என்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது. கல்லறை வாய்க்காத விமானிகளின் நாமங்களைச் சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவகம் தாங்குகிறது. பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தில் நாங்கள் கற்ற சரித்திர பாடத்திலோ அவர்களைப் பற்றி ஒரு வரியும் படித்த ஞாபகம் எனக்கில்லை.