ஓடாத ஆற்றின் வழியே

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். வழுக்கையாறு மாரிக்கு மட்டும் உயிர் பெறும். மற்றபடி, வானம் தருகிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கி, கிணறுகளில் எழும்புவதுதான் எங்கள் நீர்வளம் முழுவதும். ஆனால் கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் தெருவில் ஊர் முடிந்ததும் வெளி தொடங்குகிறது. அந்த வெளியின் நடுவே ஒரு தண்ணீர்ப் பரப்புக் கிடக்கிறது. அதற்கு உப்பாறு என்று பெயர். வலிகாமத்தையும் தென்மராட்சியையும் பிரிக்கும் இந்த நீரேரி, ஒரு பொறியியலாளரின் திட்டப்படி, வன்னியிலிருந்து வரவேண்டிய ஆறொன்றின் கடைசிப் பகுதி. அந்த ஆறு இன்றுவரை முழுதாக ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டிய வழியைத் தலையிலிருந்து வால்வரை பார்த்துக்கொண்டு வந்தால், இந்த மண்ணில் எது நிலைக்கிறது, எது அழிகிறது என்பது விளங்கும்.

தலை வன்னியில் இருக்கிறது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே வந்து, இரணைமடுவில் தேங்கி, எஞ்சியதை ஆனையிறவு நீரேரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வன்னிக் காட்டு யானைகளை ஆழமில்லாத இந்தக் கடல் வழியே குடாநாட்டுக்குள் இறக்கி, பிறகு கப்பலேற்றி அனுப்பிய வணிகத்தால் ஆனையிறவுக்கு அந்தப் பெயர் வந்தது. யாழ்ப்பாண அரசருக்கும் பிறகு போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானை பெரிய வருமானம். இன்று இந்த வழியில் பெயர் இருக்கிறது, யானை இல்லை. ஒரு விலங்கின் வழித்தடம் அழிந்த பிறகும் மனிதர் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சொல்வதால் அது திரும்பி வராது.

நீரேரியின் கிழக்கு முனை சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2015 ஜூனில் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்ந்தது. பரப்பு 19,000 ஹெக்டெயருக்கும் மேல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே கிடக்கும் 77 வருடங்களில் என்னென்ன நடந்தன என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர் இந்தக் கரையை மிதித்துத்தான் போனது. ஆனாலும் வாடைக்காற்றோடு பூநாரைகள் வந்தன, ஊசிவால் வாத்துகள் வந்தன. காவலுக்கு ஆளில்லாத காலத்திலும் சதுப்பு சதுப்பாக இருந்ததால் அவற்றுக்கு இரை கிடைத்தது. வாழிடம் என்றால் முதலில் அதுதான்: தண்ணீர், சேறு, சேற்றுக்குள் புழு. அறிவித்தல் பலகை அதற்குப் பிறகு.

இந்தச் சுண்டிக்குளத்தில்தான் ஆற்றின் கதையும் தொடங்குகிறது. நீரேரிகளை நன்னீராக்கலாம் என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே, துவைனம் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த காலத்திலேயே பேசப்பட்டது. 1930 அளவில் கே. பாலசிங்கம் என்பவர் ஆனையிறவு நீரேரியைப் பற்றி மீண்டும் பேசினார். சிதறிக் கிடந்த இந்த எண்ணங்களை ஒன்றாகக் கோத்து முழுத் திட்டமாக்கியவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த திட்டத்தை மக்கள் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அதன் அழகு இன்றும் வியப்புத் தருகிறது. சுண்டிக்குளத்தில் ஒரு அணை. ஆனையிறவுப் பாலத்தடியில் கடல் உள்ளே வரும் வழிகளுக்கு அடைப்பு. சுமார் 30 சதுர மைல் ஆனையிறவு நீரேரி கனகராயன் ஆற்று வெள்ளத்தால் நன்னீராகும். முள்ளியானில் ஏறத்தாழ நாலு கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டினால், அந்தத் தண்ணீர் வடமராட்சி நீரேரிக்குள் இறங்கி, அங்கிருந்து உப்பாற்றுக்கும் வரும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்வாயை அணைகள் மூடியிருக்கும். ஆக, புதிதாக வெட்ட வேண்டியது கொஞ்சம்; மீதியெல்லாம் நிலமே தந்த பள்ளங்கள். நிலத்தை இவ்வளவு கூர்மையாக வாசித்த மூளை எங்கள் ஊரில் அடிக்கடி பிறப்பதில்லை.

1960களில் வேலை நடந்தது. பிறகு பணம் நின்றது. முள்ளியான் வாய்க்கால் முடியவில்லை. சுண்டிக்குளத்தில் போட்ட அணையை வெள்ளம் உடைத்துக்கொண்டு போனது, திரும்பிக் கட்டப்படவில்லை. ஆறுமுகம் 2000ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். தன் ஆறு ஓடுவதைக் காணவில்லை. திட்டத்தில் பிழை என்று அதைக் கைவிட்டதாகத் தெரியவில்லை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் செய்ய வேண்டிய சலிப்பான வேலையை ஒருவரும் பிடித்து நிற்கவில்லை என்பதே என் கணிப்பு. திறமையுள்ள ஆளைத் தேடிக் கொண்டாடும் பழக்கம் எங்களிடம் நிறைய உண்டு. அந்த ஆள் போட்டுத் தந்ததை முப்பது வருடம் பராமரிக்கும் பழக்கம் குறைவு. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முள்ளியானைத் தாண்டினால் வடமராட்சி நீரேரி. கிழக்குக் கரையோரம் நாகர்கோவில், மணற்காடு, அதற்கப்பால் மணற்குன்றுகளும் கடலும். அங்கே தாளையடியில் 2024 ஆகஸ்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடியது. தேவை பெரிது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது குழாய்க்குத் தண்ணீர் தரும். நீரேரிக்கும் அதைச் சூழ்ந்த கிணறுகளுக்கும் தராது.

நீரேரி மேற்கே திரும்பி வல்லை வெளியைக் கடந்து தொண்டைமானாற்றில் கடலைத் தொடுகிறது. செல்வச்சந்நிதி முருகன் கோயில் அந்தக் கரையில்தான். கொஞ்சத் தூரத்தில் அணை. 1950களின் முற்பகுதியில் தொண்டைமானாற்றிலும், பிறகு அரியாலையிலும் அணைகள் வந்தன. இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

வருடத்தில் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். வெள்ளம் ஏறினால் கதவுகளைத் திறந்து கடலுக்கு விட வேண்டும், இல்லையென்றால் வயல் அமிழும். மழை ஓயும் முன்னரே கதவுகளை மூட வேண்டும், இல்லையென்றால் நன்னீர் எல்லாம் கடலோடு போய்விடும். மூடிய பிறகு ஒரு பலகை உக்கினாலும் போதும், கடல் ஏறும் நேரத்தில் உவர் உள்ளே வரும். நீரேரியின் அடிமண் பல நூற்றாண்டு உப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு மாரி அதில் கொஞ்சத்தைக் கரைத்துக் கடலுக்கு அனுப்பும், அடுத்த மாரி இன்னும் கொஞ்சம். இப்படித் தொடர்ந்து பல மாரிகள் நடந்தால்தான் மண்ணின் சவர் குறையும். அணைகள் வந்த தொடக்க வருடங்களில் கரையோரக் கிணறுகள் இனிக்கத் தொடங்கியதை மூத்தவர்கள் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். பிறகு பலகைகள் உக்கின, கதவுகள் துருப்பிடித்தன, உப்பு திரும்பி வந்தது. பத்து மாரியில் கழுவியதை இரண்டு கோடையில் தொலைக்கலாம்.

பறவைக்கும் இதே கதவுதான் கணக்கு. கொசு உள்ளானுக்குச் சேற்றின் மேல் ஓரிரு விரற்கடைத் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஏறினால் அதன் கால் எட்டாது. கருவால் மூக்கன் சற்று ஆழத்தில் மேயும். பூநாரைக்கு இன்னும் ஆழம், கூடவே உவர்நீரில் பெருகும் சிறு உயிர்கள். முழுதும் நன்னீரான ஏரி ஆக்கினால் சிலது போய்விடும், கடலுக்கு முழுதும் திறந்துவிட்டால் வேறு சிலது போய்விடும். இறால் பிடித்து வாழும் குடும்பங்களுக்கும் நன்னீராக்கும் திட்டத்தைப் பற்றி நியாயமான அச்சம் உண்டு. கதவை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதைக் கமக்காரரும் மீன்பிடிப்பவரும் பறவை பார்ப்பவரும் ஒரு மேசையில் இருந்து வருடாவருடம் பேசித் தீர்க்க வேண்டும். ஒரு தடவை தீர்த்து எழுதி வைத்துவிட்டுப் போகிற காரியமல்ல இது.

உப்பாறு தென்மராட்சிக் கரையைத் தொட்டு வரும் வழியில் சரசாலையில் குருவிக்காடு இருக்கிறது. கண்டல் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் அடையும் இடம். ஊரார் இட்ட பெயரே அதன் அறிவித்தல். கண்டல் காட்டைப் பற்றி இங்கே நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். படம் பிடித்தார்கள், நாடா வெட்டினார்கள். ருகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆய்வாளர் சிலர் இப்படி நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டெயர். பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டெயர்தான். 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பொருத்தமில்லாத நிலம், பொருத்தமில்லாத இனம், மாடு மேய்தல், பாசி படிதல் எனக் காரணங்கள் பல. நட்ட பிறகு போய்ப் பார்த்துப் பராமரித்த இடங்களில் பிழைத்த கன்றுகள் தெளிவாகக் கூடுதல்.

இந்த எண்களைக் குருவிக்காட்டோடு சேர்த்து யோசித்தால் மனம் நோகும். அங்கே யாரும் நாடா வெட்டவில்லை. வெட்டாமல் விட்டார்கள், அவ்வளவுதான். பிள்ளை வளர்ப்பதுபோல் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பதை எந்த விழாவாலும் ஈடுசெய்ய முடியாது. நட ஒரு நாள் போதும். மாடு வராமல் வேலி கட்டி, அலையில் வந்த பொலித்தீனை வேரிலிருந்து பிடுங்கி, செத்த கன்றுக்குப் பதில் வைத்து நிற்க ஐந்து வருடமாவது வேண்டும்.

நீர்வேலி வாழைத் தோட்டங்களின் கிழக்கு ஓரமாகத் தரவை என்னும் வெளி இறங்கி வந்து கோப்பாயைச் சேர்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி பின்வாங்கி வந்து தங்கியது இந்தக் கோப்பாய்க் கோட்டையில். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போருக்குத் தப்பித் தென்மராட்சிக்கு நகர்ந்தபோது திறந்திருந்த வழிகளில் ஒன்று இந்தக் கோப்பாய் – கைதடித் தெரு. மழையில், இருட்டில், இந்த நீரைத் தாண்டி நடந்தவர்கள் எங்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அப்போதும் இது பறவைகளின் காலம்தான்.

இன்று அதே தெருவில் மார்கழி, தை மாதங்களில் காலையில் வந்தால், இரு பக்கமும் உள்ளான் கூட்டங்கள் மேயும். மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாவற்றையும் காணலாம். கொசு உள்ளான் முப்பது கிராம்கூட இல்லாத பறவை. அது முட்டையிடுவது சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பூட்டி அனுப்பிய கடற்காகம் ஒன்று யமால் தீபகற்பம் வரை போய்த் திரும்பியதையும் நாங்கள் அறிவோம். இந்தப் பயணத்தில் இரை தேடித் தங்கும் சேற்று நிலம் ஒன்று இல்லாமல் போனால், பறவைக்கு அடுத்த கட்டத்துக்குக் கொழுப்புச் சேராது. கோப்பாய்த் தரவையில் மண் கொட்டி நிரப்புவதும், வெட்டவெளி என்று இறைச்சிக் கழிவை வீசுவதும் சைபீரியாவரை போய்த் தாக்கும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. அதற்குப் பெரிய திறமை வேண்டாம். அதே இடம், அதே மாதம், அதே முறை. ஒவ்வொரு இனத்தையும் எண்ணி எழுதினால் போதும். அரிய பறவையொன்றைக் கண்டு அருமையான படம் எடுப்பவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு தரவையை நிரப்பப் போகிறார்கள் என்று வழக்காட நேர்ந்தால், அந்தப் படம் காப்பாற்றாது. இருபது வருட எண்கள் எழுதிய கொப்பிதான் காப்பாற்றும். போர்க் காலத்தில் வடக்கின் பல நீர்நிலைகள் எண்ணப்படாமலே போயின. அந்த வெற்றிடத்தை இனி எவராலும் நிரப்ப முடியாது. இனி வரும் வருடங்களையாவது விடாமல் பிடிக்கலாம்.

கைதடிப் பாலத்தைத் தாண்டி உப்பாறு தெற்கே போனால் செம்மணி வெளி. அந்த இடத்தைப் பறவையைப் பற்றி மட்டும் பேசிக் கடந்துபோக என்னால் முடியாது. 2025இல் அங்கே சிந்துபாத்தி மயானத்தில் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தை விடாமல் நடத்தி வந்திருக்கிறார்கள். விடாமுயற்சி என்ற சொல்லை இந்தக் கரையில் பாவிக்கும்போது அவர்கள் முன்னால் அடக்கத்தோடுதான் பாவிக்க வேண்டும்.

அதன் பிறகு அரியாலை அணை. அப்பால் யாழ்ப்பாணக் கடல்நீரேரி. ஆறுமுகத்தின் ஆறு இங்கே முடிகிறது. அரியாலையிலும் தொண்டைமானாற்றிலும் ஐப்பசி மழைக்கு முன் பலகைகளைப் பார்த்து, உக்கியதை மாற்ற வேண்டும். அதை ஒவ்வொரு ஆவணியிலும் கேட்டு நச்சரிக்க நாலு கிராமத்துச் சங்கங்கள் வேண்டும்.

கோப்பாயில் இருப்பவர்களிடம் எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஊரில் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது, தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து முடிப்பவர்கள் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் போகிறார்கள். ஒரு தொலைநோக்கி, ஒரு பறவைப் புத்தகம், ஒரு தடித்த கொப்பி. தை மாதத்தில் ஒரு காலை, கைதடித் தெருவில் குறித்த நாலு இடங்களில் நின்று எண்ணுவது. முதல் வருடம் உள்ளான் எது, மூக்கன் எது என்று குழம்பும், எண்ணிக்கை பிழைக்கும். மூன்றாம் வருடம் கண் பழகும். அந்தக் கொப்பி கலாசாலை நூலகத்தில் இருக்கட்டும், அடுத்த அணி அதிலிருந்து தொடரட்டும். வருகிற தையில் தொடங்கலாம்.