விசாகப்பட்டினம் கடற்கரையில் இருபத்தியொரு கிலோமீட்டர்



மகன் போட்ட அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு நேற்று வரை போன் வந்துகொண்டே இருக்கிறது. கழுத்தில் பதக்கம், காலில் ஷூ, பின்னால் கடல். "டீச்சர், நீங்களா இது?" என்று கேட்டவர்கள் பாதி. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று கேட்டவர்கள் மீதி. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள் நீங்கள்தானே.

முதலில் ஒரு விஷயம். நான் ஓடியது முழு மாரத்தான் இல்லை. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். நான் ஓடியது அதில் பாதி, 21.1 கிலோமீட்டர். அந்த 195 மீட்டர் வால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ஸர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி தூரத்தை வைத்தார்கள். 1921-ல் அதையே நிரந்தர அளவாக்கிவிட்டார்கள். ராஜா வீட்டு வசதிக்காக வைத்த அளவுக்கு உலகமே இன்னும் மூச்சு வாங்குகிறது.

இனி, ஏன் ஓடினேன் என்பதற்கு வருகிறேன்.

எங்கள் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஆண்டு விழாவுக்கு வத்தலக்குண்டிலிருந்து முறுக்கு டப்பாவோடு வருவாளே, அவள்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஓடுகிறவள் அவள். கண்மாய்க் கரையில் பையன்களை முந்துவாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொடுத்துவிட்டார்கள். நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. 2019-ல் செருப்புக்குள் ஏறியிருந்த ஒரு சின்ன ஆணி அவள் பாதத்தில் குத்தியிருக்கிறது. அவளுக்குத் தெரியவே இல்லை. இரண்டு நாள் அதே செருப்போடு நடந்திருக்கிறாள். திண்ணையில் ரத்தக் கறையைப் பார்த்து மருமகள்தான் கத்தினாள். பிறகு புண், சீழ், மதுரையில் ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்துவிட்டார்கள்.

சர்க்கரை நாள்பட இருந்தால் நரம்பு மரத்துப்போகும். முதலில் போவது பாதம், ஏனென்றால் உடம்பிலேயே நீளமான நரம்புகள் அங்கேதான் போகின்றன. வலி தெரியாமல் போவதுதான் இந்த நோயில் நான் மிகவும் பயப்படுவது. வலி இருந்திருந்தால் அக்கா முதல் நாளே செருப்பைக் கழற்றிப் பார்த்திருப்பாள்.

எனக்கும் சர்க்கரை உண்டு. 2022 மே மாதம் நான் ஓய்வு பெற்றபோது மூன்று மாதச் சராசரி 9.1. மருத்துவர் இசைக்கவையைத் தட்டி என் கட்டைவிரலில் வைத்து, "அதிர்வு தெரியுதாம்மா?" என்று கேட்டார். நம் பள்ளி அறிவியல் பெட்டியில் இருந்ததே, அதே மாதிரி இசைக்கவை. எத்தனை வருஷம் அதை உங்கள் காதருகே வைத்திருப்பேன்! அன்றைக்கு அது என் காலில் இருந்தது. பிறகு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் "தெரியுது, தெரியுது" என்று சொன்னேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்திருந்ததில்லை. "உணர்ச்சி நல்லா இருக்கு. இருக்கும்போதே நடக்க ஆரம்பிங்க" என்றார்.

நடந்தேன். ஒரு வருஷம் நடந்தபின் ஓடலாம் போலிருந்தது. என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது பிசியோதெரபிஸ்ட். முட்டியை வளைத்து நீட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுங்க டீச்சர். ஆனா நான் சொல்ற மாதிரி" என்றான். அன்று முதல் அவன் டீச்சர், நான் பிள்ளை.

காலை ஐந்தே காலுக்குத் தாடிக்கொம்பு ரோடு. பெருமாள் கோயில் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். முதல் மாதத்தில் எனக்கு வேகம் கற்றுக்கொடுத்தது அந்த ரோட்டு நாய்கள்தான். பிறகு பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் ஆகிவிட்டோம். எதிரே வரும் பால்காரர் முதலில் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பிறகு வணக்கம் வைத்தார், பிறகு மணி என்ன என்று என்னிடமே கேட்க ஆரம்பித்தார். மதினி ஒருத்தர் மட்டும் "ஊரு சிரிக்குது" என்றார். ஊரில் யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை.

மகன் விசாகப்பட்டினத்தில் வேலை பார்க்கிறான். கிழக்குக் கடற்படைத் தலைமையகம் அங்கேதான். கடற்படை நடத்தும் மாரத்தான் பற்றிச் சொன்னவன் அவன். "அம்மா, ஆனா ரோடு சமதளம் இல்ல. ஏறி ஏறி இறங்கும்" என்றான். அப்போதுதான் எனக்கு வகுப்பறைச் சுவரில் தொங்கிய இந்திய வரைபடம் ஞாபகம் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரே கோடு. கிழக்குத் தொடர்ச்சி மலை துண்டு துண்டாக உடைந்த கோடு. ஒடிசாவிலிருந்து ஆந்திரா வழியாகத் தமிழ்நாட்டுக்குள் ஜவ்வாது, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று வந்து, தென்கோடியில் நம் சிறுமலை. அதே தொடர் விசாகப்பட்டினத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டுகிறது. நிஜமாகவே அங்கே ஒரு குன்றுக்கு டால்பின் மூக்கு என்றுதான் பெயர். அந்த ஊர்ச் சாலைக்கு நம் வீட்டு வாசலிலேயே பயிற்சி மைதானம் இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

வாரம் ஒரு நாள் நன்றாக விடிந்த பிறகு சிறுமலை அடிவாரம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவில் நான் ஆறாவது வளைவு வரைதான் ஏறுவேன். அதற்கு மேல் காட்டுமாடு ராஜ்ஜியம். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் இறங்கும்போது. மறுநாள் தொடை இரண்டும் படிக்கட்டில் இறங்க விடாது. பிசியோ தம்பியிடம் கேட்டேன். அவன் சொன்ன விளக்கத்தை நான் கிணறாக மாற்றிக்கொண்டேன். தண்ணீர் வாளியை மேலே இழுப்பது ஒரு வேலை. நிறைந்த வாளியை மெதுவாக உள்ளே இறக்குவது வேறு வேலை. கயிறு நழுவிக்கொண்டே இருக்கும், கை பிடித்துக்கொண்டே விட வேண்டும். உள்ளங்கை உரிவது அப்போதுதான். இறக்கத்தில் தொடைத் தசை செய்வது அதுதான், நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துவது. அதனால் குட்டிக் குட்டி அடி, முட்டியை லேசாக மடக்கியபடி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல். மூன்று மாதம் இறங்கப் பழகினேன் என்றே சொல்லலாம்.

இங்கே கொஞ்சம் சரித்திரம். 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதியதும் எடுத்துவிட்டார்கள். 1960-ல்தான் அது திரும்ப வந்தது. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் வந்தது 1984-ல். லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் ஜெயித்தார். அதே ஒலிம்பிக்கில்தான் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டார். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி விடுதியில் இருந்தேன். செய்தித்தாளில் உஷா படத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் பத்துப் பேர் அழுதோம். அழுத பத்துப் பேரில் ஒருத்திகூட மறுநாள் மைதானத்தில் ஓடிப் பார்க்கவில்லை. யாரும் தடுக்கவுமில்லை. தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

ஓட்டத்தன்று இருட்டிலேயே கிளம்பினோம். ராமகிருஷ்ணா கடற்கரையில் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள். 1969 முதல் 2001 வரை கடற்படையில் இருந்த கப்பல், இப்போது மியூசியம். கருப்பாக, பெரிய மீன் மாதிரி கிடக்கிறது. முதல் நாள் பேரனோடு உள்ளே போய்ப் பார்த்தேன். அந்தச் சந்தில் மாதக்கணக்கில் எழுபது, எண்பது ஆண்கள் எப்படித்தான் இருந்தார்களோ.

கொஞ்ச தூரத்தில் வானம் வெளுத்தது. வலது பக்கம் முழுக்கக் கடல். நான் முன்பே கடல் பார்த்திருக்கிறேன். ராமேஸ்வரம் டூர் கூட்டிப்போனபோது உங்கள் தலைகளை எண்ணிக்கொண்டே பார்த்த கடல் அது. தலை எண்ணாமல் கடல் பார்த்தது இதுதான் முதல் தடவை. சூரியன் தண்ணீரிலிருந்து வெளியே வர வர, இடது பக்கம் கைலாசகிரிக் குன்று செம்மண் நிறத்தில் தெரிந்தது. தென்னேட்டி பூங்கா தாண்டியதும் சாலை குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. கீழே பாறையில் அலை அடிக்கும் சத்தம். பக்கத்தில் ஓடிய இளவட்டங்கள் எல்லாம் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நான் நிற்கவில்லை. சிறுமலை மூன்றாவது வளைவு மாதிரிதான் இருந்தது, காற்றில் மட்டும் உப்பு.

அந்தக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நாலாம் வகுப்பில் கேட்பேனே, ஞாபகம் இருக்கிறதா? கசிகிற நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாகாது, பானையும் குளிராது. நம் உடம்பும் பானைதான். திண்டுக்கல்லில் வேர்வை வந்த சுவடு தெரியாமல் காயும். அங்கே வேர்வை சொட்டுகிறதே தவிரக் குளிர்ச்சியில்லை. பத்தாவது கிலோமீட்டரில் இடுப்புப் பையிலிருந்த சிறுமலைப் பழம் ஒன்றைச் சாப்பிட்டேன். புவிசார் குறியீடு வாங்கிய பழம், வங்கக் கடலைப் பார்த்தபடி உரிபட்டது. (மாத்திரை எப்போது, சாப்பாடு எப்போது என்று மருத்துவர் எனக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தார். அதை இங்கே போட மாட்டேன். உங்கள் உடம்பு வேறு, உங்கள் மாத்திரை வேறு. உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.)

பதினைந்தாவது கிலோமீட்டர் இறக்கத்தில் வலது கால் பெருவிரல் இல்லை.

அப்படித்தான் தோன்றியது. ஷூவுக்குள் விரல் இருக்கும் இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வலது கால், அக்காவுக்குப் போன அதே கால். வேர்வைக்குள் உடம்பு ஜில்லென்று ஆனது. ஓரமாகப் போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவிப் பார்த்தேன். காயம் இல்லை, நிறம் மாறவில்லை. நகத்தால் விரல் நுனியில் அழுத்தினேன். ஒன்றும் இல்லை. தேய்த்துத் தேய்த்து விட்டேன். திரும்ப அழுத்தினேன். எத்தனை நிமிஷம் என்று தெரியாது, கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சுரீர் என்று வலித்தது.

ஓடும்போது பாதம் வீங்கும், கட்டிய கயிறு இறுகும், இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டும் என்று பிசியோ தம்பி பிறகு சொன்னான். அந்த நிமிஷம் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தெலுங்குப் பிள்ளை ஓடி வந்து, "நொப்பி உந்தா அம்மா?" என்று கேட்டாள். நம் தெருவில் பாதி வீட்டில் பேசும் தெலுங்குதானே, எனக்குப் புரியும். "நொப்பி உந்தி!" என்றேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. வலி இருக்கிறது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிற கிழவியை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு மீதி ஆறு கிலோமீட்டரும் போனேன். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. மூன்றரை மணி நேரம் என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன். முடித்தபோது மூன்று மணி இருபத்தியொரு நிமிஷம். மகனுக்குக் கண் கலங்கியிருந்தது. பேரன் பதக்கத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "தங்கம் இல்ல பாட்டி" என்றான்.

ஊருக்கு வந்த மறுநாளே வத்தலக்குண்டு போனேன். அக்கா பதக்கத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, "காலைக் காட்டுடி" என்றாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாதத்தை மடியில் வைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அதை அழுத்தி, "வலிக்குதா?" என்றாள். வலிக்குதுக்கா என்றேன். இன்னும் ஒரு தரம் அழுத்தினாள். பிறகு ரொம்ப நேரம் வழியெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏற்றத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "எறக்கத்துல எப்படி வந்த?" என்றுதான் இரண்டு மூன்று தடவை கேட்டாள். செயற்கைக் காலோடு வாசல்படி இறங்குவதுதான் அவளுக்கும் பாடு. அந்தக் கிணற்று வாளிக் கதையைச் சொன்னேன். எழுந்து படியில் இரண்டு தடவை இறங்கிப் பார்த்தாள்.

அடுத்த முறை அவளும் விசாகப்பட்டினம் வருகிறாள். ஓட இல்லை, கடல் பார்க்க. கீழ் பெர்த் கிடைக்க வேண்டும் என்று மகனிடம் இப்போதே சொல்லியாயிற்று.

ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு: ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே கால், அதே தாடிக்கொம்பு ரோடு. நடப்பவர்களும் வரலாம். டார்ச் லைட் கொண்டு வாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஷூவைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டிவிட்டு வாருங்கள். நாய்களுக்கு பிஸ்கட் நான் கொண்டு வருகிறேன்.