மதிப்புரையும் தரகும்

பொருளொன்றை வாங்க முற்படுபவர் அதனை முன்னரே வாங்கிப் பயன்படுத்தியவரிடம் நன்மை தீமைகளைக் கேட்டறிவது எக்காலத்துக்கும் பொதுவான வழக்கமாகும். தையல் இயந்திரம் வாங்க விரும்பும் பெண் அயலிலுள்ள தையற்காரியிடம் கேட்பாள். துவிச்சக்கர வண்டி வாங்க விரும்பும் மாணவன் அதனைத் திருத்துபவரிடம் கேட்பான். கேட்கப்படுபவருக்கு அவ்விற்பனையால் வருவது யாதுமில்லை என்ற எண்ணமே அவருடைய சொல்லுக்கு வலுவளிக்கின்றது. கடைக்காரரும் தம் பொருளைப் பற்றிப் பேசுவார். ஆயின் அவர் பேச்சைக் கேட்போர் அதிற் சிறிது கழித்துக் கொண்டே கேட்பர். தரகரிடமும் அவ்வாறே. அவர் தரகர் என்பதை இரு தரப்பினரும் அறிவராதலின் அங்கு ஏமாற்றத்துக்கு இடம் குறைவு.

அச்சு ஊடகம் வளர்ந்த காலத்தில், அயலவரின் இடத்தைப் பொருள் மதிப்புரை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு தோன்றிய கன்சியூமர்ஸ் யூனியன் என்ற அமைப்பு இதற்கு ஒரு நெறிமுறையை வகுத்துத் தந்தது. தனது சஞ்சிகையில் விளம்பரங்களை ஏற்பதில்லை. உற்பத்தியாளர் தரும் இலவசப் பொருள்களைச் சோதனைக்கு எடுப்பதில்லை. வேண்டிய பொருளைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் விலைகொடுத்தே வாங்குவது என்பன அந்நெறிமுறையின் முக்கிய கூறுகளாகும். பிரித்தானியாவில் 1957ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய 'விச்?' என்ற சஞ்சிகையும் இவ்வழியையே பின்பற்றியது. இவ்விரண்டுக்கும் செலவுக்கான பணம் வாசகரிடமிருந்தே வந்தது. எனவே மதிப்புரையாளர் கடமைப்பட்டிருந்ததும் வாசகருக்கே.

இணையத்தின் வருகையோடு இந்நிலை மாறலாயிற்று. இணையத்தில் வாசிப்பவர் பணம் கொடுத்து வாசிக்கப் பழகவில்லை. கட்டுரையாளருக்கோ பிழைப்பு வேண்டும். இந்த இடைவெளியை நிரப்ப வந்தவற்றுள் ஒன்றே ஆங்கிலத்தில் 'அபிலியேற் லிங்க்' என வழங்குவது. அதனைத் தரகு இணைப்பு எனத் தமிழிற் குறிக்கலாம். இசைத்தட்டு விற்ற சிடிநவ் என்ற நிறுவனம் 1994ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஏற்பாடொன்றைத் தொடங்கியது. அப்போது புத்தகக் கடையாக மாத்திரம் இயங்கிய அமேசன் 1996 யூலையில் தன் திட்டத்தை அறிமுகப்படுத்தியது; 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. ஆகவே, இன்று மெத்தைக்கும் மின்விசிறிக்கும் பரவியிருக்கும் இவ்வழக்கம், அமேசனைப் பொறுத்தவரை, நூல் மதிப்புரையின் அருகிலேயே முதலில் வேர்கொண்டது என்பது இலக்கிய மாணவர் மனங்கொள்ளத்தக்கதாகும்.

இதன் செயன்முறை எளிது. கட்டுரையில் வரும் பொருளின் பெயர் அழுத்தத்தக்க இணைப்பாக அமைகின்றது. அவ்விணைப்பின் முகவரியினுள்ளே கட்டுரையாளருக்குரிய அடையாளக் குறி பொதிந்திருக்கும். வாசகர் அழுத்தியதும் அவருடைய கணினியில் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பொன்று பதிகின்றது. குறித்த கால எல்லைக்குள் அவர் அக்கடையிற் பொருள் வாங்கின், விலையில் ஒரு வீதம் கட்டுரையாளருக்குச் சேரும். வாசகர் அதற்கென ஒரு சதமேனும் மேலதிகமாகக் கொடுப்பதில்லை; கடையே தன் வருமானத்திலிருந்து கொடுக்கின்றது. அமேசனில் இக்கால எல்லை பொதுவாக 24 மணித்தியாலம். அதற்குள் பொருளைக் கூடையில் இட்டுவைத்தால் அது 90 நாள்வரை நீளும். சிபாரிசு செய்யப்பட்ட பொருளை விட்டு அதே கடையில் வேறொன்றை வாங்கினாலும் பெரும்பாலும் தரகு கிடைக்கும்.

இம்முறையை முற்றாகப் பழிப்பது நியாயமாகாது. 2011ஆம் ஆண்டு பிரையன் லாம் என்ற பத்திரிகையாளர் தொடங்கிய வயர்கட்டர் என்ற இணையத்தளம் இதற்குத் தக்க சான்றாகும். நாள்தோறும் செய்திகளைக் குவிப்பதை விடுத்து, ஒவ்வொரு வகைப் பொருளிலும் சிறந்தது எது என்பதை நீண்ட சோதனையின் பின் கூறுவதே அதன் நோக்கமாயிருந்தது. அதற்கான வருவாயிற் பெரும்பகுதி தரகு இணைப்புகளிலிருந்தே கிடைத்தது. 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் ரைம்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 3 கோடி டொலர் கொடுத்து அதனை வாங்கியமை, இம்முறையாலும் தரமான வேலை நடைபெறலாம் என்பதை உணர்த்துகின்றது. இத்தகைய தளங்களின் சார்பில் முன்வைக்கப்படும் வாதமும் கவனத்துக்குரியது. வாங்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தரகும் திரும்பிவிடும். எனவே கூடாத பொருளைப் புகழ்வதால் மதிப்புரையாளருக்கும் நட்டமே என்பர். மேலும், ஒப்பிடப்படும் பொருள்கள் யாவும் ஒரே கடையில் ஒத்த விலையில் விற்பனையாகி, அவை யாவற்றுக்கும் ஒரே வீதமே கிடைக்குமாயின், அவற்றுள் எது முதலிடம் பெறினும் மதிப்புரையாளருக்கு ஒன்றே. பொருளுக்கும் பொருளுக்கும் இடையிலான நடுநிலையை இவ்வாறு ஓரளவு காத்துக்கொள்ளலாம்.

ஆயின் காக்க முடியாத நடுநிலை ஒன்றுண்டு. அது வாங்குவதற்கும் வாங்காமைக்கும் இடையிலான நடுநிலை. அறிந்த அயலவர் தரும் அறிவுரையில் நான்கு சொற்கள் அடிக்கடி வரும்: 'உள்ளதே போதும்', 'திருத்திப் பாவியுங்கள்', 'இரவல் வாங்குங்கள்', 'சிலகாலம் பொறுங்கள்' என்பனவே அவை. இந்நான்கில் எதற்கும் தரகு இல்லை. பொறுத்திருங்கள் என்ற சொல் 24 மணித்தியால எல்லையைக் கடந்தால், அதனைச் சொன்னவர் தம் கூலியை இழக்கின்றார். விலையின் வீதமே கூலியாதலின், மலிவான பொருளைச் சுட்டுபவர் குறைவாகவே பெறுகின்றார். இணையத்தில் விற்பனையாகாத, ஊர்க் கம்மாலையிற் செய்யப்படும் கத்தியோ, சந்தையில் விற்கும் பனையோலைப் பெட்டியோ ஒப்பீட்டுக்குள் வருவதே இல்லை. அவற்றுக்கு இணைப்பு இல்லை. பொய் எதுவும் எழுதப்படாமலே மதிப்புரை ஒருபக்கம் சாயக்கூடும் என்பதே இதனாற் பெறப்படுவது. எழுதப்பட்ட ஒவ்வொரு வசனமும் உண்மையாயிருக்கலாம். எழுதப்படாது போனவையே சாய்வை உண்டாக்குகின்றன.

நடுவரின் கூலியை நிர்ணயிக்கும் உரிமை விற்பவர் கையிலேயே உள்ளது என்பதும் மறக்கற்பாலதன்று. 2020 ஏப்பிரலில், கொரோனாத் தொற்றினால் மக்கள் வீடுகளுக்குள் முடங்கியிருந்த வேளையில், அமேசன் தரகு வீதங்களைக் குறைத்தது. தளபாடங்களுக்கு 8 வீதமாயிருந்தது 3 வீதமாயிற்று. மளிகைப் பொருள்களுக்கு 5 வீதமாயிருந்தது 1 வீதமாயிற்று. அவ்வருவாயை நம்பியிருந்த எழுத்தாளர்க்கு அதனை மறுத்துரைக்க வழியிருக்கவில்லை. உற்பத்தியாளரே நேரடியாகத் தரகு கொடுக்கும் துறைகளில் நிலைமை மேலும் சிக்கலானது. அமெரிக்க மெத்தை வியாபாரத்தில் நிகழ்ந்தது இதற்கு உதாரணம். 2016ஆம் ஆண்டு காஸ்பர் என்ற மெத்தை நிறுவனம் மூன்று மதிப்புரைத் தளங்கள்மீது வழக்குத் தொடுத்தது. அவை போட்டி நிறுவனங்களிடமிருந்து பெறும் தரகைத் தக்கவாறு வெளிப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டில், அவற்றுள் ஒன்றான ஸ்லீபோபொலிஸ் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அக்கொள்வனவுக்குக் கடனுதவி செய்தது காஸ்பர். பின்னர் அத்தளத்திற் காஸ்பர் மெத்தை பற்றிய கருத்தும் சாதகமாக மாறியது. கடன் பற்றிய குறிப்பு அத்தளத்தில் வெளியிடப்பட்டிருந்தது என்பதும் உண்மையே. அறிவித்தல் முறையாக இருந்தது. நடுவர் யார் என்ற வினாவுக்கு மாத்திரம் விடை மாறிவிட்டிருந்தது.

அறிவித்தல் பற்றிச் சட்டம் சொல்வதையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1980ஆம் ஆண்டில் வெளியிட்டு 2009, 2023ஆம் ஆண்டுகளிற் திருத்திய வழிகாட்டிகளின்படி, புகழ்பவருக்கும் விற்பவருக்கும் இடையே பணத் தொடர்பு இருப்பின், வாசகர் தவறவிட முடியாத வகையில் அது தெளிவாக வெளிப்படுத்தப்படல் வேண்டும். பக்கத்தின் அடியில், சிற்றெழுத்தில், வேறொரு பக்கத்துக்கு இட்டுச்செல்லும் குறிப்பாக இருப்பது போதாது. அமேசனும் தன் திட்டத்திற் சேர்ந்தோர் தரகு பெறுவதை ஒரு வசனத்தில் வெளிப்படையாகக் கூறவேண்டும் என நிபந்தனை விதிக்கின்றது. புகழ்பவர் யார் என்பதை மறைக்கலாகாது என்ற இவ்வெண்ணம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோர் நூலாசிரியருக்கு ஆசிரியராகவோ, உடன் பயின்றவராகவோ, மாணாக்கராகவோ, தகுதிவாய்ந்த உரையாசிரியராகவோ இருப்பர் என நன்னூல் வகுத்துரைக்கின்றது. பாயிரத்தைப் படிப்பவர் அது வேண்டியவரின் வாக்கு என்பதை அறிந்தே படித்தனர். உறவு இருத்தல் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அது இன்ன உறவு என்பது யாவர்க்கும் தெரிந்திருந்தது.

எனினும் அறிவித்தலின் ஆற்றலுக்கும் ஓர் எல்லையுண்டு. கட்டுரையில் உள்ள இணைப்பு பணம் தரும் என்பதை அது தெரிவிக்கும். கட்டுரையில் இடம்பெறாத அறிவுரை எது என்பதை அதனால் தெரிவிக்க இயலாது. ஆகவே இணைப்பை எங்கு, எவ்வாறு வைப்பது என்ற வினா அச்சமைப்புப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் மதிப்புரையின் நேர்மை பற்றியதாகவே அமைகின்றது. பல கட்டுரைகளில் 'சிறந்தவை' என்ற பட்டியலும் விலையும் வாங்குவதற்கான பொத்தானும் முதற் பந்திக்கு முன்னரே நிற்கின்றன. காரணங்கள் பின்னால் வருகின்றன. அத்தகைய கட்டுரை, வாசகர் தன்னை வாசித்து முடிப்பதை வேண்டிநிற்பதில்லை. மாறாக, சோதித்த முறையும் கண்ட குறைகளும் யாருக்கு இப்பொருள் ஒவ்வாது என்ற குறிப்பும் கூறப்பட்ட பின்னர் இணைப்பு வருமாயின், தீர்ப்பைக் கேட்டபின் வாசகர் தாமே தெரிவுசெய்ய இடமுண்டாகின்றது. நிராகரிக்கப்பட்ட பொருளுக்கும் ஏற்கப்பட்டதற்கும் ஒரே வகையான இணைப்பைத் தருவதும், இணைப்புக் கிடைக்காத நல்ல பொருளை இணைப்பின்றியே குறிப்பிடுவதும், திருத்திப் பாவிக்கும் வழியை ஒரு பந்தியிலாவது கூறுவதும் இயலாத செயல்களல்ல. இவற்றுக்குச் செலவு உண்டு. அச்செலவை ஏற்பதே மதிப்புரையாளருக்கும் தரகருக்கும் உள்ள வேறுபாடு.

இவ்வினா தூரதேசத்து வியாபாரிகளை மாத்திரம் சார்ந்ததன்று. கணினியும் ஆங்கில அறிவும் உள்ள எந்நாட்டு இளைஞரும் இவ்வெழுத்திற் கூலி பெறலாம். கையாலும் தொடாத பொருளைப் பற்றி, பிறர் எழுதியவற்றைத் தொகுத்து மதிப்புரை எழுதுவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. இப்போது அதனை இயந்திரங்களும் செய்கின்றன. 2021 ஏப்பிரலில் கூகிள் தன் தேடல் முறையை மாற்றி, ஆழ்ந்த ஆராய்ச்சியுள்ள மதிப்புரைகளுக்கு முதன்மை தரப்போவதாகக் கூறியதும், 2024ஆம் ஆண்டு அமெரிக்க ஆணைக்குழு போலி மதிப்புரைகளைத் தடைசெய்து விதி இயற்றியதும் நோயின் பரவலைக் காட்டுவன. கலைப்பீடங்களில் விமர்சனத்தை ஒரு பாடமாகப் பயிலும் மாணவர், கவிதையை மதிப்பிடும்போது எத்தகைய சான்றும் நேர்மையும் வேண்டும் எனக் கற்கின்றனரோ, அவையே மின்விசிறியை மதிப்பிடுவதற்கும் வேண்டப்படுகின்றன. மதிப்பு என்ற சொல் இரண்டுக்கும் பொதுவானது.

விளம்பரத்தை ஏற்காத அமைப்பாகத் தொடங்கியதும் இன்று கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றிருப்பதுமான அந்த 1936ஆம் ஆண்டு நிறுவனம்கூட, இப்போது தன் இணையத்தளத்திற் தரகு இணைப்புகளை வைத்து, அவ்வருவாய் தனது பொதுநலப் பணிக்கே செல்கிறது என அறிவிக்கின்றது. வயர்கட்டரோ 2021ஆம் ஆண்டிலிருந்து வாசகரிடம் சந்தாவும் கேட்கின்றது. ஒன்று வாசகரிடமிருந்து கடையை நோக்கியும், மற்றது கடையிடமிருந்து வாசகரை நோக்கியும் ஓரடி எடுத்து வைத்துள்ளன. நடுநிலையான சொல்லை உண்டாக்கப் பணம் செலவாகும் என்பதும், அப்பணத்தை யாரோ ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் இவ்விரு அசைவுகளாலும் புலனாகின்றன. வாசகர் கொடாவிடத்துக் கடை கொடுக்கும். கடை கொடுக்கும் பணம் 'வாங்குங்கள்' என்ற சொல்லுக்கே உரியது. 'வாங்க வேண்டாம்' என்ற சொல்லும் தமக்கு வேண்டுமென எண்ணும் வாசகர், அதற்குரிய கூலியைத் தாமே கொடுக்க முன்வருதல் வேண்டும். அல்லது, கூலி இல்லாதபோதும் அதனைச் சொல்லத் துணியும் எழுத்தாளரை இனங்கண்டு ஆதரித்தல் வேண்டும்.