பார்க்க வந்தவள்

ஏப்ரல் 10, 2024, புதன்

தேர்தல் ஆணையத்திடமிருந்து இன்று அனுமதி வந்துவிட்டது. மே 2ஆம் திகதி நடக்கப்போகும் எங்கள் நகரசபைத் தேர்தலுக்கு நான் அங்கீகரிக்கப்பட்ட பார்வையாளர். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 16 வயது நிரம்பியிருந்தால் போதும். கட்சியின் பரிந்துரையோ சங்கத்தின் கடிதமோ தேவையில்லை. தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம்.

இங்கிலாந்தில் இந்த உரிமை அப்படியொன்றும் பழையதல்ல. 2006இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் எந்தப் பக்கமும் சாராத ஒரு சாதாரண ஆள் வாக்களிப்பு நிலையத்துக்குள் நின்று பார்க்க வழி பிறந்தது. அதற்கு முன் அலுவலர்கள், வேட்பாளர்கள், அவர்களுடைய முகவர்கள் என்று அலுவல் உள்ளவர்களுக்கே உள்ளே இடம்.

இரவு நடத்தை விதிகளை ஆறுதலாக வாசித்தேன். தபால் வாக்கு உறைகளைத் திறப்பதைப் பார்க்கலாம், வாக்களிப்பைப் பார்க்கலாம், எண்ணுவதைப் பார்க்கலாம். அலுவலர்களிடம் கேள்வி கேட்கலாம். பிழை கண்டால் அவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் அவர்களுக்குக் கட்டளையிடக் கூடாது. அவர்களுடைய முடிவை மறிக்கக் கூடாது. வாக்காளரிடம் யாருக்குப் போட்டீர்கள் என்று வாயே திறக்கக் கூடாது. தற்செயலாகக் கண்ணில் பட்டுவிட்டாலும் வெளியே சொல்லக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1983, 66ஆம் பிரிவு: வாக்கின் இரகசியத்தை மீறினால் ஆறு மாதம் வரை சிறை. இது அலுவலருக்கும் முகவருக்கும் எனக்கும் ஒரே மாதிரி.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் புத்தாண்டு. கோயிலில் கால் வைக்க இடமில்லை. எங்கள் வட்டாரத்தில் போட்டியிடும் தமிழ்த் தம்பி ஒருவர் கைவிசேஷம் வாங்கின கையோடு என்னிடம் வந்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவருடைய பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பித்தவள் நான்.

“அக்கா, உங்கட தெருவுக்கு மட்டும் நோட்டீஸ் போட்டுத் தாங்கோவன்.”

பார்வையாளராகப் போகிறேன், முடியாது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. “அப்ப நீங்கள் எங்கட ஆள்தானே, உள்ளுக்கை நிண்டு பாருங்கோ” என்றார். நான் யாருடைய ஆளும் இல்லை என்று சொன்னபோது முகம் வாடிவிட்டது. வாசலில் கட்சிப் பூ குத்திக்கொண்டு நின்று வாக்காளர் எண்ணைக் கேட்டு எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் தங்கள் ஆதரவாளர்கள் வந்துவிட்டார்களா என்று சரிபார்க்கிறார்கள், பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. முகவர் வேறு, அவர் வேட்பாளருக்காக வாதாடலாம். பார்வையாளருக்கு வாதாட ஒருவரும் இல்லை. இதையெல்லாம் தேர்முட்டியடியில் நின்று விளக்கினேன். ஒரு சிறு துண்டுப் பிரசுரத்தால் என்ன கெட்டுவிடும் என்று பக்கத்தில் நின்ற மாமியும் கேட்டார். நாளைக்கு நான் எழுதுவதை மற்றக் கட்சிக்காரர் நம்ப மாட்டார், அவ்வளவுதான் கெட்டுவிடும்.

அங்கே நின்ற இளம் தம்பதி ஒன்றுக்கு இன்னொரு விஷயமும் சொன்னேன். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு முறைப்படி இங்கே வசிப்பவர்களும் பொதுநலவாயக் குடிமக்கள் என்ற முறையில் இந்நாட்டுத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். பதிவு செய்யச் செவ்வாய் நள்ளிரவுதான் கடைசி. எத்தனையோ வருடமாக இருந்தும் இது தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

ஏப்ரல் 25, வியாழன்

தபால் வாக்கு திறப்பு. நகரசபைக் கட்டடத்தின் பின்புற மண்டபம். அறையில் ஒரே நேரத்தில் எத்தனை பார்வையாளர் இருக்கலாம் என்று கட்டுப்படுத்தத் தேர்தல் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு; இன்று அதற்குத் தேவை இருக்கவில்லை.

பெரிய உறைக்குள் ஒரு சிறிய உறையும் ஒரு கூற்றுப் படிவமும். படிவத்தில் வாக்காளரின் கையெழுத்தும் பிறந்த திகதியும். விண்ணப்பித்தபோது கொடுத்தவற்றோடு அவை பொருந்தினால்தான் சிறிய உறை அடுத்த மேசைக்குப் போகும். அங்கே சீட்டுகளை முகம் கீழே இருக்கும்படி வைத்துப் பிரிக்கிறார்கள். இன்று எவருக்கு எத்தனை என்று எவரும் அறியக் கூடாது.

ஒரு முதியவரின் கையெழுத்து நடுங்கிப்போயிருந்தது. பழைய கையெழுத்து திருத்தமானது, புதியது எறும்பு ஊர்ந்த மாதிரி. அலுவலர் இரண்டையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்தார், இன்னொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார், பிறகு ஏற்றுக்கொண்டார். வேறொரு படிவத்தில் பிறந்த வருடத்துக்குப் பதிலாக இந்த வருடத்தை எழுதியிருந்தார்கள். தள்ளுபடி. அதற்கு ஆட்சேபம் சொல்ல முகவருக்கு உரிமை உண்டு, எனக்கு இல்லை. தள்ளுபடிக்கு என்ன காரணம் பதிகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். படிவத்தைக் காட்டினார்கள். பொறுமையான வேலை, நன்றாகச் செய்கிறார்கள். அதையும் எழுதிக்கொண்டேன். குறை தேடுவதற்கு மட்டும் அனுப்பப்பட்டவள் இல்லை நான்.

மே 2, வியாழன்

காலை ஏழுக்கு முன்னரே ஆரம்பப் பாடசாலை மண்டபத்துக்குப் போய்விட்டேன். தலைமை அலுவலர் பெட்டியைச் சரித்து வெறுமையாக இருப்பதைக் காட்டி முத்திரையிட்டார். இரண்டு சீட்டுகள்: ஒன்று நகரசபைக்கு, மற்றது பொலிஸ் ஆணையாளருக்கு. சீட்டைக் கொடுக்கும்போது அதன் எண்ணுக்கு நேரே வாக்காளரின் பதிவு எண்ணை ஒரு தனிப் பட்டியலில் எழுதுகிறார்கள். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு திடுக்கிடும். அந்தப் பட்டியல் முத்திரையிடப்பட்டு ஒரு வருடம் பூட்டி வைக்கப்படும். நீதிமன்றம் சொன்னாலன்றித் திறக்க முடியாது. கள்ள வாக்கு வழக்கு வந்தால் மட்டும் தேவைப்படும்.

எட்டு மணிக்குப் பிறகு அடையாள அட்டைப் பிரச்சினை தொடங்கியது. இங்கிலாந்தில் சென்ற ஆண்டு மே மாதத்திலிருந்துதான் படம் போட்ட அடையாளம் கட்டாயம். ஒரு பாட்டி முதியோர் பஸ் அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கினார். அவருக்குப் பின்னால் வந்த பெடியனின் இளையோர் ரயில் அட்டையிலும் படம் இருந்தது, பெயர் இருந்தது. செல்லுபடியாகும் அடையாளங்களின் பட்டியலில் அந்த அட்டை இல்லை. திருப்பி அனுப்பினார்கள். அலுவலர்மீது பிழை இல்லை, அவர் சட்டப்படிதான் செய்கிறார். சட்டத்தில் பிழை இருக்கிறது என்பது என் எண்ணம். முதியவரின் அட்டை செல்லும், இளையவரின் அட்டை செல்லாது என்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

மேசையில் மறுக்கப்பட்டவர்களை ஒரு படிவத்தில் பதிகிறார்கள். திரும்பி வந்தால் அதையும் பதிகிறார்கள். சென்ற ஆண்டு ஏறத்தாழ 14,000 பேர் அடையாளம் இல்லாமல் வாக்களிக்க முடியாமற் போனார்கள் என்று ஆணையம் சொன்னது இந்தப் படிவங்களை வைத்துத்தான். ஆனால் நான் வாசலருகே நின்றபோது கண்டது வேறு. கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்துவிட்டு, கைப்பையைத் துழாவிவிட்டு, உள்ளே வராமலே திரும்பியவர்கள் இருந்தார்கள். மத்தியானத்துக்கு முன் என் கண்ணில் பட்டவர்கள் நால்வர். அவர்களில் ஒருவர் தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த பெண். இவர்கள் எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. மேசையில் இருப்பவருக்கு இவர்களைத் தெரியவும் வராது, அவருடைய கண் பெயர்ப் பட்டியலில் இருக்கும். சும்மா நிற்கிற ஒருவருக்கு மட்டுமே இது தெரியும். நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

பின்னேரம் நாலரை இருக்கும். ஒரு தமிழ்க் கணவனும் மனைவியும். தனித்தனியே சீட்டு வாங்கினார்கள். மனைவி மறைப்புக்குள் போனதும் கணவரும் அவருடைய தோளோடு தோளாகப் போய் நின்றார். “இஞ்சேரும்” என்று தொடங்கி எங்கே புள்ளடி போட வேண்டும் என்று சொன்னார். எங்கே என்பதை இந்தக் கொப்பியிலும் எழுத மாட்டேன்.

அந்த மண்டபத்தில் அது விளங்கியது எனக்கு ஒருத்திக்குத்தான். எழுத்தருக்கு அது வீட்டுக் கதை பேசுகிற மாதிரித்தான் கேட்டிருக்கும். கண்பார்வை குறைந்தவர்களோ உடல் இயலாதவர்களோ உறுதிமொழி கொடுத்து ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றப்படி இன்னொருவரின் வாக்கைத் திருப்பும் நோக்கத்தோடு மறைப்புக்குள் நிற்பது 2023ஆம் ஆண்டு வாக்கு இரகசியச் சட்டப்படி குற்றம். எனக்கு அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை தமிழில் சொல்ல வேண்டும் போல நாக்குத் துடித்தது. சொல்லியிருந்தால் அவருடைய காதில் இரண்டாவது குரலாக நானும் சேர்ந்திருப்பேன். தலைமை அலுவலரிடம் போய், ஒரு மறைப்புக்குள் இருவர் நிற்கிறார்கள் என்றேன். அவர் உடனே எழுந்து போய்க் கணவரை விலகி நிற்கச் சொன்னார். கணவர் ஆங்கிலத்தில், மனைவிக்கு உதவி செய்கிறேன் என்றார்.

தலைமை அலுவலர் என் பக்கம் திரும்பினார். இவர்களின் மொழி உங்களுக்குத் தெரியுமா, அந்த அம்மாவுக்கு எப்படி வாக்களிப்பது என்று விளக்க முடியுமா? நல்ல மனதோடுதான் கேட்டார். முடியாது என்றேன். நான் அலுவலர் இல்லை. நான் தமிழில் என்ன சொல்கிறேன் என்று அவரால் சரிபார்க்கவும் முடியாது. கணவர் சொன்னது உதவி இல்லை, எங்கே போடுவது என்ற அறிவுறுத்தல், அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் சுவரில் இருந்த படம் போட்ட விளக்கத் தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனார்.

தேவையே இருக்கவில்லை. “எனக்கு வாக்களிக்கத் தெரியும்” என்று அவர் தெளிவான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மறைப்புக்குப் போனார். அவசரப்படவில்லை. மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே வாசலுக்கு நடந்தார். கணவர் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். தமிழ்ப் பெண் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குக் கடைத்தெருவில் காணத்தான் போகிறோம். காணட்டும்.

இரவு எட்டுக்கு மேல் ஆள் வரத்துக் குறைந்தது. அப்பாவின் நினைவு வந்தது. 1981 யூன், யாழ்ப்பாணம், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதுவும் உள்ளூர்த் தேர்தல்தான். நூலகம் எரிந்த அதே வாரம். ஆசிரியரான அப்பா வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் பெயர் குறிக்கப்பட்டிருந்தார். கடைசி நேரத்தில் அவரைப் போன்றவர்களை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். சில பெட்டிகள் காணாமற் போயின. அப்பா வெளுத்த சேட்டைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு விறாந்தையில் இருந்தார். எனக்கு அப்போது 13 வயது. அந்த நிலையங்களுக்குள் அன்று என்ன நடந்தது என்று சொல்ல, எந்தக் கட்சியும் சாராத ஒரு ஆள் உள்ளே இருக்கவில்லை. அன்றைக்குக் கட்சிக்காரர் சொன்னதும் அரசாங்கம் சொன்னதும் இரண்டு கதைகளாகவே இன்றுவரை கிடக்கின்றன.

பத்து மணிக்குக் கதவு சாத்தினார்கள். வரிசையில் நிற்பவர்களுக்குப் பத்துக்குப் பிறகும் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே ஒருவரும் நிற்கவில்லை. பெட்டியின் வாயை மூடி முத்திரையிட்டார்கள். முகவர்கள் தங்கள் முத்திரையையும் வைக்கலாம், பார்வையாளர் வைக்க முடியாது. முத்திரை எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

மே 3, வெள்ளி

விளையாட்டு மண்டபத்தில் எண்ணுகை. முதலில் சரிபார்ப்பு: பெட்டியில் உள்ள சீட்டுகளின் தொகை, தலைமை அலுவலர் எழுதிய கணக்கோடு பொருந்துகிறதா? அதற்குப் பிறகுதான் யாருக்கு எத்தனை. என் நிலையத்துப் பெட்டியின் முத்திரை எண் நேற்றையதேதான். முகவர்கள் மேசையைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நான் அவர்களுக்குப் பின்னால்.

ஐயத்துக்குரிய சீட்டுகளைத் தேர்தல் அதிகாரி ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டித் தீர்ப்புச் சொன்னார். புள்ளடிக்குப் பதிலாகச் சிரித்த முகம் வரைந்த சீட்டு: எண்ணம் தெளிவு, செல்லும். பெயரெழுதிக் கையெழுத்து வைத்த சீட்டு: ஆளை அடையாளம் காட்டும், செல்லாது.

எங்கள் வட்டாரத்தில் கோயில் தம்பி சிறு வித்தியாசத்தில் பின்னுக்கு நின்றார். மீள எண்ணக் கேட்டார். வேட்பாளருக்கும் அவருடைய முகவருக்கும் அந்த உரிமை உண்டு. இன்னொரு தரம் எண்ணினார்கள். வித்தியாசம் மாறவில்லை. முடிவு அறிவித்த பிறகு அவர் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

“அக்கா, நீங்கள் முழுக்கப் பாத்தனீங்கள்தானே. எண்ணினது சரியோ?”

நான் நின்ற மேசையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, கட்டுகளைக் கலைத்துத் திரும்ப எண்ணியதையும் கண்டேன் என்றேன். மற்ற மேசைகளைப் பற்றி நான் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு வென்றவரிடம் போய்க் கை கொடுத்தார்.

மே 5, ஞாயிறு

அறிக்கையை எழுதி முடித்துத் தேர்தல் அதிகாரிக்கும் ஆணையத்துக்கும் அனுப்பினேன். தபால் வாக்கு அறையின் பொறுமையை எழுதினேன். மறைப்புக்குள் இருவர் நின்றதை நேரத்தோடு எழுதினேன். மொழியையும் இனத்தையும் எழுதவில்லை, இது எங்கள் ஆட்களிடம் மட்டும் உள்ள பழக்கம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிக இடம் கொடுத்தது வாசலில் திரும்பியவர்களுக்குத்தான். கதவடியில் ஒரு பணியாளரை நிறுத்தி, அடையாளம் இல்லாமல் திரும்புகிறவர்களையும் எண்ண வேண்டும், எவை எவை செல்லும் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

நேற்றுத் தமிழ்ப் பள்ளியில் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று, தனக்கு இன்னும் வாக்கு இல்லையே, தானும் பார்வையாளராக வரலாமா அன்ரி என்று கேட்டது. வாக்களிக்க 18 வேண்டும், பார்க்க 16 போதும் என்றேன். இன்று பின்னேரம் தாயோடு வீட்டுக்கு வந்தது. விண்ணப்பத்தைத் தானே நிரப்பியது. நடத்தை விதிகளை வாசிக்காமல் கையெழுத்து வைக்க விடவில்லை நான். வாக்காளரிடம் பேசவே கூடாதா, யாராவது பிழையாகச் செய்தால் என்ன செய்வது என்று நிறையக் கேட்டது. இருவருமாக ஒவ்வொரு பிரிவாகப் பார்த்து முடிக்க இருட்டிவிட்டது.