டாங்கிக்குள் விழுந்த தோடு

எங்கட வீட்டு மோட்டார் சைக்கிளில் எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்று பார்க்க ஒரு முறை இருக்கிறது. டாங்கி மூடியைத் திறக்க வேண்டும். இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்து ரெண்டு தரம் ஆட்ட வேண்டும். பிறகு டாங்கியின் வாயோடு காதை வைத்துக் கேட்க வேண்டும். கனமாகச் சளக் என்றால் வடமராட்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்த் திரும்பலாம். மெல்லிசாகச் சிலுசிலுத்தால் வழியில் அடிக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் 750 பஸ்தான்.

பெற்றோல் முள் வேலை செய்யாமல் போய்க் கனகாலம். அப்பா அதைத் திருத்தவில்லை. 2022 இல் கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்த காலத்தில், அந்த நாலு லீற்றரையும் இப்படிக் காதால் அளந்துதான் நாங்கள் கழித்தோம். வரிசை போய்விட்டது, அட்டை போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. ஸ்கூட்டி வைத்திருக்கிற என் வகுப்புப் பிள்ளைகள், நான் அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டரில் போய் இறங்குவதையே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதுக்குள்ள டாங்கிக்குக் காது குடுக்கிறதையும் கண்டால் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு, பின்னேர லெக்சர் முடிந்து வந்து, கம்பஸ் வாகனத் தரிப்பிடத்தில் ஹெல்மெற்றை இன்னும் போடாமல் அதைத்தான் செய்தேன். மூடியைத் திறந்தேன். ஆட்டினேன். காதை வைத்தேன்.

"டிங்" என்று ஒரு சின்னச் சத்தம். பெற்றோல் அப்படிச் சத்தம் போடாது.

கையைக் காதுக்குக் கொண்டுபோனேன். வலது காதில் தோடு இல்லை. காலையில் ஹெல்மெற்றைக் கழற்றும்போது அது காதை இழுத்தது ஞாபகம் வந்தது. சுரை அப்போதே கழன்றிருக்க வேண்டும். நாள் முழுக்கச் சும்மா கொழுவிக்கொண்டிருந்த தோடு, நான் குனிந்த நேரம் பார்த்துப் போய்விட்டது.

தோடு என்னுடையது என்றால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அது அம்மாவின் தோடு. சிவப்புக் கல் வைத்தது, கலியாணத்துக்கு அம்மம்மா போட்டுவிட்டது. அதுக்கு ஒரு கிழமைக்கு முன்னம்தான் பாங்கில் அடைவிலிருந்து மீட்டுக்கொண்டு வந்திருந்தா. வந்த கையோடு என் காதில் போட்டுவிட்டா. "நீங்கள் போடுங்கோவன் அம்மா" என்றேன். "என்ர காதில கிடந்தா திரும்பப் பாங்குக்குத்தான் போகும். உன்ர காதில கிடந்தா கழட்டக் கை வராது" என்றா. அவவின் காதில் வழமைபோல வேப்பங்குச்சி. ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க வைத்திருக்கிறது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அதை ஒரு ஸ்டைல் என்று நினைத்திருக்கிறேன்.

ஒரு பவுண் இரண்டு லட்சத்துக்கு மேல் போகிற காலத்தில், அந்தத் தோட்டைத்தான் நான் பெற்றோலுக்குள் போட்டுவிட்டு நின்றேன்.

முதலில் வந்தவன் வகுப்பு நண்பன். யாரிடமோ ஒரு காந்தம் வாங்கி, நூலில் கட்டி, கிணற்றில் வாளி விடுவதுபோல இறக்கினான். பத்து நிமிசம் இறக்கினான், ஏற்றினான். கொஞ்சம் கறல்தான் வந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டுக் கலைப்பீடத்துக்கு வந்த தோழி ஒருத்தி கடைசியில்தான் வாயைத் திறந்தாள்: "அது பவுணடி. காந்தம் இரும்பைத்தான் இழுக்கும்." நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. பிறகு வளைத்த கம்பி. அது டாங்கியின் அடியில் எதிலோ முட்டி முட்டித் திரும்பி வந்தது.

கிட்டவிருந்த கராஜுக்கு உருட்டிக்கொண்டு போனோம். கதையைச் சொன்னது நான். அந்த அண்ணை பதில் சொன்னது நண்பனுக்கு. "தம்பி, பைக் ஆற்ற?" என்று அவனைக் கேட்டார். "இவவின்ர" என்று அவன் சொன்ன பிறகும் அவனைப் பார்த்தே கதைத்தார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரியான விசயம். டாங்கியிலிருந்து பெற்றோல் இறங்குகிற இடத்தில், திருகிக்கு மேலே உள்ளுக்குள் ஒரு சின்ன வலை இருக்கிறது. தோடு அதைத் தாண்டி என்ஜினுக்குப் போகாது. "அது எங்கயும் ஓடாது. வீட்ட கொண்டுபோய் டாங்கியக் கழட்டி எடுக்கலாம். இப்ப எனக்கு நேரமில்லை, விட்டிட்டுப் போறதெண்டா நாளைக்குப் பாப்பம்."

விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்த மனிசன் எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. எண்டாலும் அரைப் பவுண் சோடியில் ஒன்று உள்ளே கிடக்கிற டாங்கியை ஒரு இரவு இன்னொருவரிடம் விடுவதற்கு எனக்குத் துணிவில்லை. பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வெளிக்கிட்டேன். கோப்பாய், நீர்வேலி, புத்தூர், அச்சுவேலி. வல்லை வெளியில் காற்று அடிக்கிறபோது, கேட்கவே முடியாத அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே வந்தது.

வீட்டுக்குப் போனதும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மற்றத் தோட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். தலைமயிரைக் காதுக்கு மேலால் விட்டேன். மூன்று நாள், அம்மாவின் தோட்டை டாங்கிக்குள் வைத்துக்கொண்டே கம்பஸுக்குப் போய் வந்தேன். பெற்றோல் அடித்தபோது செட்டில் நின்ற தம்பி "ஃபுல்லா அக்கா?" என்றான். "இல்லை, ஐந்நூறுக்கு" என்றேன். கழட்டும்போது வெளியில் எடுக்க வேண்டிய பெற்றோலை ஏன் கூட்டுவான்?

சனிக்கிழமை, அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். யூடியூப்பில் நாலு வீடியோ பார்த்திருந்தேன். சீற்றைக் கழற்றியாயிற்று. ஸ்பேனரோடு நிற்கும்போது பின்னால் அப்பா. விடியக் கடலால் வந்து படுத்திருந்தவர் எழும்பிவிட்டார். ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. சொன்னேன்.

அப்பா ஏசவில்லை. "எந்தப் பக்கம் சத்தம் கேக்குது?" என்றுதான் கேட்டார். பிறகு வளவின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா சந்தையால் வந்து குசினிக்குள் அடுப்பு மூட்டிவிட்டா. கூரையால் புகை வந்துகொண்டிருந்தது.

"முதல்ல அடுப்பை நூர்த்தோணும்" என்றார்.

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாது, நிலத்தோடு ஊர்ந்துதான் போகும். பள்ளமான இடம் தேடிப் போய் நிற்கும். நெருப்பு தூரத்தில் இருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அது அடுப்படி வாசலுக்குப் போய்விடும். நிறைந்த டாங்கியைவிட, பெற்றோல் எடுத்த வெறும் டாங்கி கூடாதது என்றார் அப்பா. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். "கொஞ்சம் தள்ளி, ஒழுங்கையில வைச்சுச் செய்வமா?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று அவருக்கு விளங்கியிருக்கும். "அடுப்பை நூர்த்தச் சொல்லிப்போட்டு வா" என்றார்.

அடுப்பை நூர்க்கச் சொன்னால் ஏன் என்று கேட்பா. ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். மூன்று நாள் ஒளித்ததை, ஒரு சட்டி சோறு பாதி வெந்துகொண்டிருக்க, புகைக்குள் நின்று சொன்னேன்.

அம்மா விறகை இழுத்துத் தண்ணி தெளித்தா. சாம்பல் எழும்பியது. "அண்டைக்கே பாத்தனான்" என்றா. "நீ மயிரை முன்னால விட்டதை நான் காணேல்லையா? நீயும் வித்துப்போட்டியோ எண்டு பயந்துகொண்டிருந்தனான்."

"நீயும்" என்ற சொல்லில் எனக்கு மனம் நின்றுவிட்டது. "மற்றது ஆர் வித்தது?"

அப்போதுதான் சொன்னா. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. எங்கட வள்ளத்து என்ஜின் மண்ணெண்ணெயில் ஓடுவது. அப்பா கரையில் குந்தியிருந்த அந்த மாதங்களில்தான் தோடு முதல் தரம் பாங்குக்குப் போனது. எனக்கு அது உயர்தரத்துக்குப் படிக்கிற காலம். ரியூசன் காசு ஒரு மாதமும் தவறாமல் வந்தது, நான் எங்கிருந்து என்று கேட்கவில்லை. பிறகு நாலு தரம் போய் வந்திருக்கிறது. காப்பு இரண்டு போனது, திரும்பி வரவில்லை. இந்த முறை தோட்டை மீட்டதும் சீட்டுக் காசில். சீட்டு இன்னும் எட்டு மாதம் கட்ட வேண்டும்.

அம்மா பழைய வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து என் கையில் தந்தா. "பெற்றோலை இதால வடிச்சு எடுங்கோ."

காபரேற்றருக்குப் போகிற குழாயைக் கழற்றிக் கானுக்குள் விட்டு, திருகியை ரிசேவுக்குத் திருப்பினோம். ஓனில் விட்டால் அடிப் பெற்றோல் வராது. ஓடி முடிந்தது என்று நினைத்தேன். அப்பா பைக்கை இடது பக்கம் சரித்தார். இன்னும் வந்தது. டாங்கி ஒரு பானை மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது நடுவில் எழும்பி, பைக்கின் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு இருக்கிற மாதிரி. திருகி இடது பக்கம். வலது பக்கத்தில் கிடக்கிற பெற்றோல் தானாக இங்கால வராது. வழியில் பெற்றோல் முடிந்தால் எல்லாரும் பைக்கைச் சரிக்கிறது இதுக்குத்தான். கம்பி முட்டி முட்டி வந்ததும் அந்த நடுமேட்டில்தான். தோடு வலது பக்கத்தில் கிடந்தது.

அப்பா வேலை செய்துகொண்டே கதைத்தார். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கி, வடக்குக்கு எரிபொருள் தடை வந்த பிறகு, பெரியப்பாவின் எம்.டி. 90 மண்ணெண்ணெயில்தான் ஓடியதாம். பெற்றோல் ஒரு மருந்துப் போத்தலுக்குள், சென்ற் மாதிரி. நாலு துளி விட்டு உதைத்து ஸ்டார்ட் ஆக்கினால், பிறகு வெள்ளைப் புகையோடு மண்ணெண்ணெயில் போகும். அப்பா அப்போது பெடியன், குழாயை வாயால் இழுத்து எண்ணெய் எடுக்கிறது அவரின் வேலை. "ஒருக்கா உள்ளுக்கப் போட்டுது. ரெண்டு நாள் இருமினன். நீ உதை ஒருநாளும் வாயால இழுக்கக் கூடாது." அது நெஞ்சுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பற்றரி வயரையும் முள்ளுக்குப் போகிற வயரையும் கழற்றி, பின் ஆணியை எடுத்து, டாங்கியைப் பின்பக்கமாக இழுத்தோம். வந்தது. நிழலில் மூடியில்லாமல் கொஞ்ச நேரம் வைத்தோம். பிறகு கவிழ்த்து நான் உலுக்கு உலுக்கென்று உலுக்கினேன். கிலுகிலுத்தது, விழவில்லை. டாங்கியின் வாய் உள்ளுக்குள்ளும் கொஞ்சம் நீண்டிருக்கும், தோடு அந்த விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. "உலுக்காதை. சரிச்சு, மெல்ல வழுக்க விடு" என்றார். நானே பிடித்தேன். வலது பக்கத்தை உயர்த்தி, வாயை நோக்கி மெல்ல மெல்ல. ஏழாவதோ எட்டாவதோ தரம், கறல் தூளோடு அம்மா விரித்திருந்த துணியில் விழுந்தது.

பவுணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லும் இருந்தது. மணம் மட்டும் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் இரண்டு நாள் நின்றது. அம்மா அதை என் காதில் திரும்பப் போடவில்லை. மற்றத் தோட்டையும் என்னிடம் வாங்கி, வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, தன் காதில் போட்டா. வலது காது ஓட்டை கொஞ்சம் தூர்ந்துதான் இருந்தது. கண் கலங்கக் கலங்கத் தள்ளிப் போட்டா.

முள் இன்னும் வேலை செய்யவில்லை. ஆனால் நான் டாங்கியில் காது வைப்பதில்லை. ஒரு கொப்பியில் எத்தனை லீற்றர் அடித்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று எழுதுகிறேன். அதே கொப்பியின் பின்பக்கத்தில் சீட்டுக் காசு கட்டுகிற திகதிகளை அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதலில் சொல்ல மறுத்தா. பிறகு சொன்னா.

உங்கட டாங்கிக்குள்ளும் எப்பவாவது ஏதும் விழுந்தால் பதற வேண்டாம், அது எங்கேயும் ஓடாது. இரும்பென்றால் காந்தம் விடலாம். மற்றதுக்கு டாங்கியைக் கழற்றத்தான் வேண்டும். அதுக்கு முதல் அடுப்பை நூர்க்கச் சொல்லுங்கோ.