கொலைகாரி கட்சி

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் துருப்பிடிக்காத சாமான் எதுவும் கிடையாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், குழாய் திருகு, மாத நாவலின் நடுவில் அடித்த பின் வரைக்கும் உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் வாடகை நூலகக்காரர் முதல் வேலையாக அந்தப் பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓரத்தில் கோணி ஊசியால் குத்தி, சணல் போட்டுத் தைத்து, பழுப்புத்தாள் ஒட்டித்தான் எங்கள் பிளாக்குக்குப் புத்தகம் கொண்டுவருவார். சைக்கிள் ஹேண்டில்பாரில் இரண்டு பைகள் தொங்கும். ஒன்றில் லக்ஷ்மியும் கல்கியும். இன்னொன்றில் கொலை. இரண்டாவது பைதான் முதலில் காலியாகும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோயம்புத்தூரிலிருந்து ராஜேஷ்குமார் எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். அவருடைய விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி, சுஜாதாவின் கணேஷ்–வசந்த் எல்லாரும் எங்கள் குடியிருப்பில் வாடகை தராமல் குடியிருந்தவர்கள் மாதிரிதான். மாலைமதியும் ராணிமுத்துவும் பாக்கெட் நாவலும் கை மாறிக் கை மாறி, மூலையெல்லாம் மடங்கி, எண்ணெய்க் கறையோடு வரும். சில புத்தகங்களின் முதல் பக்கத்திலேயே யாரோ ஒரு புண்ணியவான் கொலையாளியின் பெயரைப் பென்சிலில் எழுதிவைத்திருப்பான். எங்கள் பிளாக்கில் அதற்காக யாரும் வருத்தப்பட்டதில்லை. யார் கொன்றது என்பது அங்கே பெரிய விஷயமே இல்லை.

இரண்டாம் மாடியில் ஒரு அக்கா இருந்தார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு, கார்டு வரும் வரும் என்று காத்திருந்தவர். மதியம் சாப்பாட்டுக்கடை முடிந்ததும் மாடிப்படி வளைவில் வந்து உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். கடல் காற்று அந்த வளைவில்தான் தாராளமாக வரும். கேட்பதற்கு எதிர்வீட்டு மாமி, என் அம்மா, கீழ்வீட்டு டீச்சர், நாங்கள் இரண்டு மூன்று பொடிசுகள். சீனிவாசபுரம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஆயாவும் உண்டு. விற்று முடித்தால் போகவேண்டியதுதானே? போகமாட்டார். கடைசி கூறு சங்கராவை யாருக்காவது ஆய்ந்துகொடுக்கும் சாக்கில் அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு குந்தியிருப்பார். செதில் பறந்து படியெல்லாம் ஒட்டும். மாமி புடவையை இழுத்துச் சுருட்டிக்கொள்வாரே தவிர எழுந்துபோனதில்லை. கதையில் கத்தி இறங்கும் இடம் வந்தால் ஆயாவின் கை அப்படியே நிற்கும், மீன் பாதி வெட்டில் இருக்கும்.

“அந்தப் பொண்ணா குத்துச்சி?”

“ஆமா ஆயா.”

“சரி, மேல படி.” கை மறுபடி ஓடும்.

கொன்றவன் ஆணாக இருந்தால் கதையை ஒரு மத்தியானத்தோடு மறந்துவிடுவார்கள். பெண்ணாக இருந்தால் வாரக்கணக்கில் வழக்கு நடக்கும். அந்தப் படிக்கட்டு நீதிமன்றத்துக்கென்று சட்டம் இருந்தது. தங்கையைக் கெடுத்தவனைத் தேடிப்போய்க் கொன்றவளுக்கு மன்னிப்பு உண்டு. குழந்தையின் மேல் கை வைத்தவனைக் கொன்றவளுக்கு மன்னிப்பு என்ன, மரியாதையே உண்டு. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக விஷம் வைத்தவளுக்குக் கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், பழியை வேலைக்காரன் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது. “அவ பொம்பளையே இல்ல” என்று ஆயா தீர்ப்பு சொன்னால் மாமிகூட மறுபேச்சு பேசமாட்டார். இவர்கள் இருவரும் வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

இந்தக் கட்சி ஏன் சேர்ந்தது என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியாது. இப்போது யோசித்தால் காலையில் வீட்டுக்கு வரும் தினத்தந்திதான் நினைவுக்கு வருகிறது. ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு. சில நாள் பெரிய எழுத்தில், பல நாள் உள்பக்க மூலையில். எங்கள் வீட்டிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்தான், எல்லார் வீட்டிலும் அதுதான். ஆனால் வெடிக்கிற ஸ்டவ் எல்லாம் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷமான மருமகள் சமைக்கும்போது மட்டும் எப்படி வெடிக்கும் என்று கீழ்வீட்டு டீச்சர் ஒருநாள் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு இ.பி.கோ. 498ஏ பிரிவு 1983ல்தான் வந்தது. வரதட்சணைச் சாவுக்கான 304பி அதற்கும் பிறகு, 1986ல். சட்டமே அப்போதுதான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

எரிந்துபோனவளைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவார்கள். மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்குவார். அவள் வாழ்நாளில் ஒரு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், அவள் சொல்வதை வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொள்வது அந்த ஒரு தடவைதான் இருந்திருக்கும். அப்போதும் அவர்களில் பலபேர் ஸ்டவ்தான் வெடித்தது என்பார்கள். பிள்ளைகளை அந்த வீட்டில்தானே விட்டுவிட்டுப் போகவேண்டும்?

மாத நாவலிலும் ஒரு வாக்குமூலம் உண்டு. கடைசி அத்தியாயத்துக்கு முந்தி, கொன்றவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசத் தொடங்குவாள். ஐந்து பக்கம், ஆறு பக்கம் போகும். துப்பறிகிறவர் சிகரெட்டைக்கூடப் பற்றவைக்காமல் கேட்பார். இன்ஸ்பெக்டர் அதட்டமாட்டார். “என்னம்மா உளறுறே” என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பக்கங்களை அக்கா வேகத்தைக் குறைத்து, இடம் விட்டு இடம் விட்டு வாசிப்பார். கத்தி இறங்கும் இடத்தைவிட இங்கேதான் படிக்கட்டு நிசப்தமாகும். ரத்தம் பார்க்கவா அவர்கள் வந்தார்கள்? ஒரு பெண் சொல்வதை ஒரு போலீஸ்காரர் முழுசாகக் கேட்கும் அதிசயத்தைத்தான் கேட்க வந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

வாக்குமூலம் முடிந்ததும் அக்கா புத்தகத்தை மூடுவார். “அப்புறம் இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டார். அவ்ளோதான்.” எத்தனையோ கதைகள் இப்படியே முடிந்தன. எழுத்துக் கூட்டி வேகமாகப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு கோடை விடுமுறையில், அக்கா வாசித்த ஒரு நாவலை நானே எடுத்துப் புரட்டினேன். மூடிய இடத்துக்குப் பிறகு இன்னும் மூன்று பக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டது உண்மைதான், ஆனால் கூடவே கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார், விலங்கு வந்தது. இன்னொரு நாவலில் அவள் மோதிரத்தில் வைத்திருந்த சயனைடை நக்கிவிட்டாள். வேறொன்றில் ஜீப் ஏறும்போது சிரித்தாள். எழுத்தாளர்களைக் குற்றம் சொல்லமுடியாது. கொன்றவளைத் தப்பவிட்டால் சம்பிரதாயம் இடிக்கும். ஆனால் அக்காவுக்கு என்ன சம்பிரதாயம்? மாதாமாதம் எங்கள் மாடிப்படியில் கொலைகாரிகளை விடுதலை செய்துகொண்டிருந்தார். நான் கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அவருக்கும் படிக்கத் தெரியுமே!

தொலைக்காட்சியில் வந்த முடிவை அக்காவால் மாற்றமுடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை தூர்தர்ஷனில் போட்ட ‘அந்த நாள்’ படத்தைக் கீழ்வீட்டு டீச்சரின் சாலிடேரில் பார்த்தோம். எஸ்.பாலச்சந்தர் இயக்கி, ஏவி.எம். எடுத்து, 1954ல் வந்த படம். பாட்டே கிடையாது. சிவாஜி கணேசன் முதல் காட்சியிலேயே குண்டு பட்டுச் சாய்ந்துவிடுவார். சத்தம் கேட்டு ஓடிவந்த பையன்கள் ஏமாந்து விளையாடப் போய்விட்டார்கள். மூன்றாம் வீட்டுத் தாத்தா மட்டும் வேறு காரணத்துக்காக நகரவில்லை. கதை நடப்பது ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில். 1943 அக்டோபர் 11 ராத்திரி துறைமுகப் பக்கம் விழுந்த அந்தக் குண்டைப் பற்றித் தாத்தா படம் நெடுகப் பேசிக்கொண்டே இருந்தார். படத்தில் சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன்தான் அதை எழுதியவரும். வீட்டில் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார், அவரவர் தனித்தனிக் கதை சொல்கிறார்கள். கடைசியில் பார்த்தால் சுட்டது மனைவி. பண்டரிபாய். ரேடியோ இன்ஜினியர் புருஷன் எதிரிக்கு உளவு சொல்கிறான் என்று தெரிந்துபோனவள்.

“பண்டரிபாயா!” என்றார் மாமி. அம்மா வேஷத்திலேயே பார்த்துப் பழகிய முகம் அல்லவா? அந்த முகம் துப்பாக்கி பிடித்தால், துப்பாக்கியின் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது.

தாத்தா, தேசத்துக்காகச் செய்தாள், சரிதான் என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவுக்கு அது போதவில்லை. “தேசத்துக்கு இன்னாத்துக்குப் பெரியவரே சாக்கு? வூட்ல கீறவன் பொய்யன்னு தெரிஞ்சிச்சி, சுட்டா. அத்த சொல்லேன்.” தாத்தா வாயடைத்துப்போனதை அன்றுதான் பார்த்தோம்.

மெரினாவில் கையில் சிலம்போடு நிற்கிறாளே கண்ணகி, 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த சிலை, அவளும் முதலில் பேசினாள். அரசன் கேட்டான். கேட்டபிறகுதான் மதுரை எரிந்தது. ஊரையே கொளுத்தியவளுக்குச் சிலை வைத்த ஊர்க்காரர்கள் நாம், ஒருத்தனைக் கொன்றவளுக்கு இரக்கப்பட்டால் என்ன தப்பு?

அதே மதுரையில் 2012ல் ஒரு பெண், மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துவிட்டாள், அவன் செத்துப்போனான். அப்போது அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க் விஷயத்தை விசாரித்து, இது தற்காப்பு என்று இ.பி.கோ. 100வது பிரிவின்கீழ் அவளை விடுவித்தார். செய்தியைப் படித்ததும் அக்காவுக்கு போன் போட்டேன். அதற்குள் அவர் பேத்தி எடுத்துவிட்டிருந்தார். “மட்டையாலயா?” என்று மட்டும் கேட்டார். பிறகு வெகுநேரம் அந்த அதிகாரியைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படிக்கட்டு நாட்களிலேயே, ஆறாம் வகுப்பில் தமிழம்மா குண்டலகேசி கதை சொன்னார். ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, சில பாடல்கள் மட்டுமே மிஞ்சியது. கொலைக்களத்துக்குப் போகும் திருடனைப் பார்த்து ஆசைப்பட்டு, மீட்டுக் கட்டிக்கொண்ட வணிகர் மகள் பத்திரை. ஊடலில் நீ கள்ளன்தானே என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். அவன் மனசில் வைத்துக்கொண்டு மலையுச்சிக்குக் கூட்டிப்போனான், தள்ளிவிட. சாவதற்குமுன் உங்களை மும்முறை வலம்வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். மூன்றாவது சுற்றில் அவன் முதுகுப் பக்கம் வந்தாள். கீழே போனது அவன். கருணாநிதி வசனத்தில் 1950ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’யில் இதே மலைக்காட்சி வருகிறது என்றும் சொன்னார்.

படிக்கட்டில் வந்து ஒப்பித்தேன். ஆயாவுக்கு உடனே சந்தேகம்: “மூணு சுத்து எதுக்கு? மொத சுத்துலயே தள்ளிக்கினு வரவேண்டியதுதானே.” அவன் சந்தேகப்படாமலிருக்க என்றார் டீச்சர். அப்புறம் பௌத்தத் துறவியாகிவிட்டாள் என்றேன். மாமிக்குத் திருப்தி, அக்காவுக்கு முகம் வாடியது. “ஏன், அவளும் மொட்டையடிச்சுக்கிட்டு மூலையில உக்காரணுமா?” அதற்குள் நடுவில் ஒன்று விட்டுவிட்டேன் என்று நினைவு வந்து சொன்னேன். ஊர் ஊராகப் போய், வாசலில் மணலைக் குவித்து நாவல்மரக் கிளை ஒன்றை நட்டுவைப்பாளாம். வாதுக்கு வருகிறவர் அதை மிதிக்கவேண்டும். வந்த அத்தனை பேரையும் பேசியே ஜெயித்தாளாம், புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்கும்வரை.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கொன்னதைப் பத்தி யாராவது கேட்டாங்களாமா?”

தமிழம்மா அதைச் சொல்லவில்லை.

“கேட்டிருக்கமாட்டாங்க” என்றார் ஆயா, மீன் குடலைக் காக்கைக்கு வீசிவிட்டு. “வாய்ல வந்தா ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சிருக்கும்.”