கூரை மேல் செடி: குளிர் நாட்டுக் கணக்கு

செடி வளர்த்த கூரை குளிர்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைக்கும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள் மக்களே. பி.காம். படிக்கிறவனுக்கு அதைப் பார்த்ததும் தோன்றும் ஒரே கேள்வி: சரி, எவ்வளவு மிச்சம்?

சிகாகோ நகராட்சிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 1911-ல் கட்டியது, 11 மாடி. பாதி நகராட்சிக்கு, மறுபாதி குக் கவுண்டி நிர்வாகத்துக்கு. 2001-ல் நகராட்சி தன் பாதியின் மொட்டைமாடியில் மட்டும் சுமார் 20,000 செடிகளை நட்டது. பக்கத்துப் பாதி கறுப்புத் தார்க் கூரையாகவே நின்றது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே கட்டினாலும் இப்படி அமையாது! ஆகஸ்ட் வெயிலில் தார் கொதித்தபோது செடிப் பக்கம் பல டிகிரி குறைவாகவே இருந்தது.

செலவு? சுமார் 25 லட்சம் டாலர். மின்சாரத்திலும் எரிவாயுவிலும் மிச்சம் என்று மதிப்பிட்டது வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர்தான். தாராளமாக 5,000 என்றே வைத்தாலும் போட்ட காசு திரும்பி வர 500 வருஷம். வட்டியையும் சேர்த்தால் வரவே வராது :-)

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. உலர்ந்த மண்ணுக்குள் இருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து உறைந்தால் வீட்டுச் சூடு சுலபமாக வெளியே போய்விடும். நார்வேயின் பழைய புல் கூரைகளில்கூட மழையைத் தடுத்தது புல் இல்லை, அடியில் அடுக்கிய பிர்ச் மரப்பட்டை. மேலே வைத்த புல்தரை அந்தப் பட்டை பறக்காமல் பிடித்துக்கொண்டது. அதன் எடை சுவர்க் கட்டைகளை அழுத்தி இடுக்குகளையும் மூடியது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. பாரமே பயனாகிவிட்டது!

அப்படியானால் செடிக் கூரை வீணா? அதுவும் இல்லை. வெயிலும் பனியும் நேராகத் தாக்காததால் அடியில் உள்ள நீர்த்தடுப்பு விரிப்பு பல வருஷம் கூடுதலாக உழைக்கும். மழைநீரைப் பிடித்து மெதுவாக விடும். சிகாகோவில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், பெருமழையில் நிரம்பி ஆற்றில் கொட்டும். அதைக் குறைத்தால் லாபம் ஊருக்கு, பில் மட்டும் கட்டட உரிமையாளருக்கு. சொந்தக் காசில் யார் முன்வருவார்? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 2002-ல் புதிய தட்டைக் கூரைகளுக்குச் சட்டமே போட்டதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

பழைய வீட்டுக்காரர் என்னைக் கேட்டால், காசை முதலில் கூரைக்கு அடியில் வெப்பக்காப்புக்குப் போடச் சொல்வேன். பிறகு ஒரு பொறியாளரைக் கூப்பிடட்டும். 10 செ.மீ. மண் நனைந்தாலே சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். பனியின் எடை அதற்கும் மேல்.